சொல்லித் தராத ஹேண்ட்பிரேக்

இசக்கிமுத்து என் தங்கை சுமாவின் புருஷன். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், மூன்று வார்த்தை அவன் வண்டி ஓட்டும் அழகைப் பற்றி இருக்கும். நாலாவதற்கு நான் யோசிக்க வேண்டும்.

மட்டாஞ்சேரியில் பிறந்தவன். அவன் அப்பாவும் என் அப்பாவும் முனிசிபாலிட்டியில் சேர்ந்தே துடைப்பம் பிடித்தவர்கள். இவன் மட்டும் ஸ்டியரிங் பிடித்தான். ஜூ டவுன் என்ற யூதர் தெருவில் மிளகு வியாபாரம் செய்த கல்யாணராமன் சாமியின் அம்பாசடருக்கு இருபது வருஷம் அவன்தான் டிரைவர். அந்த வண்டியை வேறு யார் தொட்டாலும் முகம் சுளிப்பான். கியர் மாறுவது பின்ஸீட்டில் இருப்பவருக்குத் தெரியவே கூடாது என்பான், தெரியவும் தெரியாது.

அந்தக் கால டிரைவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. தோப்பும்படி பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் தேங்கி நின்றால், கிளட்சிலேயே வண்டியைப் பின்னால் உருளாமல் தாங்கி நிறுத்தி எடுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் இழுத்து எடுப்பவனை டிரைவர் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். ஏற்றத்தில் பின் டயரை ஒட்டித் தீப்பெட்டி வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். இசக்கிமுத்து எடுத்தால் பெட்டி நசுங்காது.

தொண்ணூற்றாறில் சாமியின் மனைவி கங்கா மாமிக்கு வண்டி ஓட்டப் படிக்க ஆசை வந்தது. சாமி, “முத்து சொல்லித் தரட்டும்” என்றுவிட்டார். சுள்ளிக்கல் பக்கம் ஆளில்லாத ரோட்டில் பத்து நாள் ஓட்டினாள். பதினோராம் நாள் அவள் கையில் மூன்றாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. இவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மாமி படித்துவிட்டால் தனக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

மறுநாள் காலை, மீன் வண்டிகள் நெரியும் நேரமாகப் பார்த்து அவளைப் பாலத்துக்கு அழைத்துப் போனான். ஏற்றத்தில் வண்டிகள் நின்றன. படிக்கிறவளுக்கு ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், படுபாவி. சொல்லவில்லை.

“எல்லாம் காலுலதான் இருக்கு மாமி. கிளட்சை மெள்ள விட்டா மதி, அதுவே போதும்” என்றான்.

மெள்ளத்தான் விட்டாள். வண்டி பின்னால் உருண்டு ஐஸ் ஏற்றிய கைவண்டியைச் சாய்த்தது. கூட்டம் கூடிவிட்டது. “சேச்சி, வீட்டில் போயி சோறு வெய்க்கு!” என்று ஒருவன் மலையாளத்தில் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். மாமி இறங்கி, அழுகையை அடக்கிக்கொண்டு பின்ஸீட்டில் போய் உட்கார்ந்தாள். பத்து வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாயிரத்தாறில் பெங்களூரிலிருந்த மகன் சாய்கிருஷ்ணா அம்பாசடரை விற்றுவிட்டு ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுத்தான். கிளட்ச் கிடையாது. முதல் நாளே இவன் பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலை ஓங்கி மிதித்தான். அது பிரேக். சாமியின் நெற்றி முன்ஸீட்டில் மோதியது. “இது வண்டியில்ல சாமி, தையல் மெஷின்” என்று சமாளித்தான்.

தையல் மெஷினை மாமி ஒரே வாரத்தில் ஓட்டினாள். லீவுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் விஷ்ணுப்ரியா, ஏன் முன்னமே படிக்கவில்லை என்று கேட்க, மாமி பாலத்துக் கதையைச் சொன்னாள். “ஹேண்ட்பிரேக் போட்டு எடுத்திருக்கலாமேம்மா? டிரைவிங் ஸ்கூல்ல அதைத்தானே முதல்ல சொல்லித் தருவா?” என்றாள் அவள்.

மறுநாள் மாமி இசக்கிமுத்துவைப் பக்கத்து ஸீட்டில் ஏற்றிக்கொண்டு தோப்பும்படிக்கு ஓட்டினாள். பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நின்றன.

“முத்து, அன்னிக்கு ஏன்டா ஹேண்ட்பிரேக்கைச் சொல்லித் தரல்லை?”

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “நீங்க படிச்சுட்டா எனக்கு வேலை போயிரும்னு பேடிச்சுட்டேன் மாமி.”

“உன் வேலை யாருக்குடா வேணும்? பாலம் எறங்கி மூணாம் கியர் போடறச்சே கண்ணாடியில உன் மொகம் தெரியும். என்ன ஒரு சந்தோஷம்! அது நேக்கும் வேணும்னு தோணித்து. அவ்வளவுதான்.” ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இதுல அது இல்லை. வெறுமனே போறது. இனிமே கியர் வண்டி ஓட்டலாம்னா கால்முட்டு வேதனை, கிளட்சை அழுத்திச் சவிட்ட முடியாது.”

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். மாமி வண்டியை எடுத்தாள்.

இதையெல்லாம் அவனே ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மாமி பாலத்தில் வைத்துக் கேட்ட அன்றைக்குப் பிறகு அவன் சாமி வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு தடவை மாமியே சுமாவுக்குப் போன் செய்து, “முத்துவை வரச் சொல்லு, சாமியைக் கடைக்குக் கொண்டுவிட ஆள் வேணும்” என்றாள். வேலை அங்கேயே இருந்தது. இவனால்தான் அந்தப் படி ஏற முடியவில்லை.