நோரீன் எழுந்துபோகும் நேரம்

அமெரிக்காவின் ரீனோ நகரில் ஒரு சூதாட்ட விடுதியில் நான் மது பரிமாறிக்கொண்டிருந்த நாளிலிருந்தே நோரீன் ஹாஸ்கெட்டை எனக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டியவள், கணவன் இல்லை. பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்ட மேசையில் சொற்பப் பணம் வைத்து ஆடுவாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவளுக்கும் அதுதான் வேண்டும்.

விழுகிற சீட்டுகளை மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டே இருப்பாள். சின்னச் சீட்டுகள் நிறைய வெளியே வந்துவிட்டால், மிச்சமிருக்கிற சீட்டுக்கட்டில் பத்தும் ஏஸும்தான் அதிகம். ஆடுகிறவர் கை ஓங்கும் நேரம். அப்போது மோவாயில் கை வைப்பாள். எங்கோ நிற்கும் தம்பி கிளைட் முன்பின் தெரியாதவன்போல வந்து உட்கார்ந்து, பெரிதாக வைத்து ஆடுவான். அவள் கையை எடுத்ததும் போய்விடுவான். எனக்கு இது தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மார்ச் மாத மதியம் கிளைட் உட்கார்ந்தபோதே முகம் வெளுத்திருந்தது. என்னிடம் தண்ணீர் கேட்டான். இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டு அக்காவை நேராகப் பார்த்தான். அப்படி ஒருநாளும் பார்க்கமாட்டான். போகட்டுமா என்று கேட்கிற பார்வை அது. சீட்டு இன்னும் நன்றாகவே இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் அவன் மேசைமேல் சரிந்தான். சீட்டுப் போடுகிறவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். தெரியாதவளாக இருந்தே பழகிய நோரீனுக்கு வாய் வரவில்லை. நான்தான் கைகாட்டினேன்.

"அவங்க அக்கா இங்கதான் உட்காந்திருக்காங்க."

கிளைட் பிழைக்கவில்லை. அக்கா தம்பி என்றதும் விடுதிக்காரர்களுக்குக் கூட்டு புரிந்துபோயிற்று, அதோடு அவளை உள்ளே விடவில்லை. மறுவருடம் நான் வேறு விடுதிக்கு மாறினேன். அங்கே ஆட வந்திருந்தாள் நோரீன். கொஞ்ச நேரம் ஆடுவாள், சட்டென்று எழுந்துவிடுவாள்.

"இப்பத்தானே வந்தீங்க?" என்றேன் ஒருமுறை.

"சீட்டு நல்லாயிருச்சு. இனி இருந்தா அவன் வந்து உட்காந்துருவான்."

"யாரு?"

"அந்தத் தூண்கிட்ட நிக்கிறான் பாரு. கூப்பிட்டுருவேனோன்னு பயந்துக்கிட்டே நிக்கிறான்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளைட்டின் மனைவி வெல்மாதான் கடைசியில் வந்து அவளைத் தன் ஊரான எல்கோவுக்குக் காரில் அழைத்துப்போனாள். முந்தின நாளே அவனுக்கு நெஞ்சு வலித்ததாம், தன்னிடமும் மறைத்துவிட்டானாம். வழியில் அதைச் சொன்னதும் நோரீன் மறுபடி சொல்லச் சொன்னாளாம். ஊர் போய்ச் சேரும்வரை அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாளாம்.

இப்போது அங்கே ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார, இவள் மட்டும் நின்றபடி சாப்பிடுகிறாள் என்று வெல்மா போனில் சொன்னாள்.