அக்காவின் பையில் போன பாட்டு

செல்வி, இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன் அம்மாவிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நகக்கண்ணில் வெள்ளியாக மினுங்கும் பட்டாசு மருந்துப்பொடி... அக்கா என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அவள் பட்டாசு கம்பெனியில் சேர்ந்தாள். அந்தத் தீபாவளி லீவில் தெருவே சேர்ந்து டிவியும் சிடி டெக்கும் வாடகைக்கு எடுத்து எங்கள் வாசலில் வைத்தது.

பாதிப் படத்தில் சிடி சிக்கிக்கொண்டது. அக்கா அதைத் தாவணியில் துடைத்துக்கொண்டே மீதிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை!

“வில்லன அதுக்குள்ள ஏன் கொன்ன? இன்னுங் கொஞ்சம் அடி வாங்கட்டும்,” என்றாள் எதிர்வீட்டு மாரி சித்தி.

“நீங்களே வந்து அடிங்க சித்தி, எனக்குக் கை வலிக்கி.”

தெருவே சிரித்தது.

போன வருஷம் அக்கா செல்போன் வாங்கினாள். மெமரி கார்டு நிறையப் பாட்டு. எதுவும் சிக்குவதில்லை. இயர்போனில் அவளுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது என்றுதான் ஆரம்பித்தோம்... பிறகு ஆளுக்கொரு நேரமாகிவிட்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை நான் அதைத் தொடவே கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

இன்று காலை அக்கா வெளியே தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வந்த சத்தமே கேட்கவில்லை. கடைசி நொடியில், கைக்கு எட்டிய அக்காவின் சோற்றுப் பைக்குள் போனைச் செருகினேன். அதற்குள் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மருந்து இருக்கிற அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால்தான் அக்கா தினமும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். பைக்குள் இயர்போன் கழன்றிருக்க வேண்டும், இன்று அங்கே அது பாடியிருக்கிறது.

“அம்புட்டுப் பேரையும் எரிக்கப் பாக்கியா? நாளைலருந்து வராத,” என்று போர்மேன் அனுப்பிவிட்டார்.

வீட்டில் அப்பா கேட்டபோது அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். “நாந்தாம்ப்பா மறந்து எடுத்துட்டுப் போயிட்டேன்,” என்றாள்.

நான் கணக்குப் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டேன்.

அப்போதெல்லாம் ஒருவர் சிரித்தால் எதற்கென்று தெருவுக்கே தெரியும். இப்போது என் காதுக்குள் என்ன ஓடுகிறது என்று பக்கத்தில் படுத்திருப்பவளுக்குக்கூடத் தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. இன்று அதுவே பயமாக இருக்கிறது.

விடிந்ததும் அப்பா போர்மேனிடம் கெஞ்சப் போகிறார். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான்...

கதவு தட்டும் சத்தம்.

“ஏ பிள்ள, இன்னுமா லைட்டு எரியுது?”

அப்பாதான். செல்வி, நான் இப்போதே