கிளச்சில் வைத்த கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொய் சொல்லுகிற பிள்ளை அல்ல. சொன்னது ஒரே ஒரு பொய். அதையும் நல்ல எண்ணத்தில், ஒரு கராஜுக்கு நடுவில் நின்றுகொண்டு, வாய் கொள்ளாத சந்தோஷத்தோடு சொன்னேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தெரணியகலைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டம். அப்பா தோட்டத்து டிரக்டர் டிரைவர். நாலு கை மாறிய பழைய ஜப்பான் கார் ஒன்றை அவர் எங்கள் வரிசை வீடான லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தால்தானே? முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பேன். எந்தக் கால் எதை மிதிக்கிறது, எந்த கியர் எங்கே விழுகிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி.

அப்பாவின் இடது கால் கிளச்சை விட்டு இறங்கவே இறங்காது. கியர் மாற்றும்போது அழுத்துவார். மற்ற நேரமெல்லாம் கால் சும்மா அதன் மேலேயே கிடக்கும். டிரைவர் என்றால் கால் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். அம்மா வேறு மாதிரி. தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து, லேனர்ஸ் வகுப்புக்குப் போய் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். கியர் மாற்றியதும் காலைக் கீழே வைத்துவிடு என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவளும் அப்படியே செய்தாள். பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் பார் என்று அப்பா லயத்துக்கே கேட்கும்படி கேலி பண்ணுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு அடுத்த வாரம் ட்ரயல், ஓட்டிக்காட்டும் பரீட்சை. லைசன் கிடைத்தால் எங்கள் டிவிஷன் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றி இறக்கும் ஹயர், அந்த வாடகை ஓட்டம், அவளுக்கு என்று பேச்சு. அப்புறம் விடியுமுன் அட்டைக்கடியில் மலையேறிப் பால் வெட்ட வேண்டியதில்லை. சோறு வடிக்கும்போதுகூட அம்மா ரோட்டுச் சட்டங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கார் மக்கர் பண்ணத் தொடங்கியது. மேடு ஏறினால் எஞ்சின் ஊரைக் கூட்டிக் கத்தும், கார் மட்டும் ஊரும். கருகல் நாற்றம் வேறு. கிளச்சை அழுத்தினால் கீழேயிருந்து கிர்ரென்று ஒரு சத்தம். லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் கியர் எண்ணெய் என்றார், ஒருவர் பெட்ரோலில் தண்ணீர் என்றார், பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மா கண்ணூறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். எனக்கோ தினமும் திருவிழா. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"பழகுறவ கையில குடுத்தா இப்படித்தான். மெக்கானிக் பாஸ் பாக்கட்டும். ஒன்னாலதான்னு சொன்னாருன்னா ட்ரயலும் இல்ல, ஒன்னும் இல்ல" என்றார்.

"பாக்கட்டுங்க. யாராலன்னு அவரே சொல்லட்டும்" என்றாள் அம்மா.

மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் சொல்வோம். தெரணியகலை டவுனில் கராஜ் வைத்திருந்த அந்த பாஸ் சிங்களவர், தமிழும் பேசுவார். நாங்கள் மூவரும் காரை அங்கே கொண்டுபோனதும் அவர் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்தார். எஞ்சினை ஓடவிட்டு, நாலாவது கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல மெல்ல விட்டார். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் கிளச் பிளேட் நல்லது, நிற்காவிட்டால் போச்சு என்றார். கராஜே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எஞ்சின் நிற்கவில்லை, அதுபாட்டுக்கு ஓடியது. நான் கைதட்டிவிட்டேன். வேறு யாரும் தட்டவில்லை.

கியர் பெட்டியை இறக்கவே மத்தியானமாகிவிட்டது. பாஸ் பிளேட்டை வெளியே எடுத்துக் காட்டினார், தேய்ந்து கருத்திருந்தது. அப்பா, இரண்டு கராஜ் பையன்கள், வேடிக்கை பார்க்க வந்த ஒரு திரீவீல்காரர், எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பாஸ் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பெரியவர்களிடம் கேட்டால் உண்மை வராது என்று கண்ணைச் சிமிட்டினார்.

"துவே, மகளே, நீ பின்னால நின்னு எல்லாம் பாக்கிறதானே. எந்நேரமும் கிளச் மேல கால் வச்சிட்டு ஓட்டுறது யாரு? அப்பாவா, அம்மாவா?"

இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நிஜ டிரைவர் யார் என்று கேட்கிறார்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மாவை இனி ஒருத்தரும் கேலி பண்ணக் கூடாது.

"எங்க அம்மாதான். கால எடுக்கவே மாட்டாங்க" என்றேன், நன்றாகச் சத்தமாக.

பாஸ் உச்சுக்கொட்டினார். அதுதான் வியாதி என்றார். கால் பாரம் பட்டாலே கிளச்சைக் கொஞ்சம் மிதித்த கணக்குத்தானாம். பிளேட் சரியாகப் பிடிக்காமல் உரசி உரசி எரிந்துபோகுமாம், பேரிங்கும் கத்த ஆரம்பிக்குமாம்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்தப் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைத்தார்.

"பழகுற ஆளுதானே பாஸ். நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். கெட்டிக்காரி என்று அப்பா என் கன்னத்தைத் தட்டினார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

புது பிளேட் போட்ட கார் மேட்டில் அப்படி ஏறியது. அம்மா என்றும் இல்லாதபடி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல எட்டிப் பார்த்தேன். அப்பாவின் இடது கால் முதல் முறையாகக் கீழே இருந்தது. ட்ரயலுக்கு அம்மா போகவில்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் விடியுமுன் பால் வெட்டத்தான் போனாள்.

அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? அத்தனை பேர் முன்னால் மகளைப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லை என்றே நான் வெகுகாலம் நம்பினேன். பெருமைதான் எனக்கு. கராஜில் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. அப்பா வாயாலேயே வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். டவுனிலிருந்து எங்கள் லயம் வரை முக்கால் மணி நேரம். அப்பா வழி முழுக்கப் புது பிளேட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.