தட்டு மாற்றிய வெள்ளிக்கிழமை

பெரம்பலூரில் எங்கள் வார்டைத் தரைக்கு மேலே எல்லோருக்கும் தெரியும். தரைக்கு அடியில் என் கணவருக்குத்தான் தெரியும். பதினான்கு வருடம் குடிநீருக்கு வால்வு திறந்துவிடும் ஒப்பந்த வேலை பார்த்தவர். எந்தத் தெருவில் குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது, எந்த வீட்டில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு அந்த வேலையை விட்டு மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி கண்ணே என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அவர் காதில் விழும்படி சொல்வேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

கவுன்சிலர் எலெக்‌ஷனில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எதிரே நிற்பவர் பெரிய கட்சிக்காரர், வார்டில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர் வேறு. இவருக்குக் கட்சியும் கிடையாது, கொடியும் கிடையாது. இருந்ததெல்லாம் பழைய காலண்டர் தாள் ஒன்றுதான். அதன் பின்பக்கத்தில் வார்டு முழுவதையும் வரைந்து வைத்திருந்தார். நீலக்கோடு குழாய், சிவப்புக்கோடு சாக்கடை.

“தண்ணி எப்பவும் மேலத்தெருவுலேருந்து வருது. கடைசித் தெருவுக்குப் போறதுக்குள்ள டேங்க் காலி. ஒரே ஒரு வால்வு கூடுதலா வெச்சா, ஒரு தடவை மேல இருந்து, மறு தடவை கீழ இருந்து விடலாம். என்னிக்குத் தண்ணி வருதுன்னு தெருமுனையில ஒரு போர்டுல எழுதிப் போட்டா, பொம்பளைங்க வேலைக்கு லீவு போட்டுட்டுக் கொடத்தோட உக்காந்திருக்க வேணாம்” என்றார்.

இவ்வளவுதான் அவருடைய கனவு. பிறகு சாக்கடை. தண்ணீர் ஓடுகிற சரிவை, வாட்டத்தை, தப்பாகப் போட்டதால் மழை பெய்தால் அது வந்த வழியே திரும்பி வீட்டுக்குள் வரும். அதைத் தோண்டி வாட்டம் திருத்த வேண்டும். ரேஷன் கடைத் திருப்பத்தில் ஒரு லைட். பூங்கா, சிலை, அலங்கார வளைவு எதுவும் அந்தத் தாளில் இல்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கூட நானும் போனேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. சின்னம் கேட்டபோது குழாய் கேட்டார். கிடைத்தது பூட்டு சாவி. “தண்ணியைத் தொறந்து வுடுறவரு பூட்டுல நிக்கிறாரே” என்று டீக்கடையில் ஒரே கேலி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசித் தெருவில் மட்டும் யாரும் கேலி செய்யவில்லை. தாளைத் தரையில் விரித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தங்கள் வீடு எங்கே என்று விரலால் தேடினார்கள். ஒருத்தி, “எங்க தெருவையும் போட்டிருக்கீங்களா அண்ணே?” என்று கேட்டாள். அதைக் கேட்டதும்தான் தூக்கி வைத்திருந்த என் முகம் கொஞ்சம் இறங்கியது. இவர் ஜெயிக்கட்டும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன்.

ஆனாலும் முழு மனதாக நினைத்தேனா என்றால் இல்லை. கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டு என் இடுப்பு ஒடிந்தது. நேற்றுவரை நின்று பேசிய சிலர் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போனார்கள். நான் பிறந்தது சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலத்தியூர்ப் பக்கம். சிமெண்ட் தூசியில் வளர்ந்தாலும் பகை என்கிற தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது.

பிரச்சாரம் வியாழக்கிழமை சாயந்திரம் முடிந்தது. சனிக்கிழமை ஓட்டு. நடுவில் வெள்ளிக்கிழமை காலை அவர் கடைக்குப் போயிருந்தார். நான் தலைக்குக் குளித்து விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தால், எதிர்த்து நிற்கிறவரின் மனைவி நிற்கிறாள். பட்டுப்புடவை, கையில் எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி. கூடவே இன்னும் இரண்டு பெண்கள்.

“அக்கா, நான் ஓட்டுக் கேட்டு வரல. பிரச்சாரந்தான் முடிஞ்சு போச்சே. வெள்ளிக்கிழமையும் அதுவுமா எல்லா வூட்டுக்கும் குங்குமம் குடுத்துட்டு வரேன். உங்க வூட்டை மட்டும் தாண்டிப் போனா நல்லாவா இருக்கும்?” என்றாள்.

வெள்ளிக்கிழமை வாசலில் நிற்கிற சுமங்கலியிடம் குங்குமம் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாது என்று என் அம்மா சொல்லி வளர்த்தது கையில் ஊறிப்போயிருக்கிறது. உள்ளே போய் இரண்டு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் வைத்து, அவள் நெற்றியில் குங்குமம் இட்டு, தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். அவளும் இரண்டு கையால் வாங்கினாள். கூட வந்தவர்களில் ஒருத்தி போனைத் தூக்கினாள்.

பத்து மணிக்குள் அந்தப் படம் வார்டில் எல்லோருடைய போனிலும் இருந்தது. கீழே இரண்டே வார்த்தை. ‘தட்டு மாத்தியாச்சு.’

நம் பக்கத்தில் தட்டு மாற்றுவது என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டோம், இனிப் பேச்சில்லை என்று அர்த்தம். வார்டும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. இரண்டு வீடும் பேசி முடித்துவிட்டார்கள், பூட்டு சாவி விலகிக்கொண்டது, அந்த அம்மாவே வாசலில் நின்று தாம்பூலம் மாற்றிவிட்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் கடைக்கு ஓடினேன். அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“ஏங்க, ஆட்டோவுல மைக்கைக் கட்டி இது பொய்னு சொல்லுங்க” என்றேன்.

“மைக் எடுக்கக் கூடாது. பிரச்சாரம் முடிஞ்சு போச்சு.”

“நான் வூடு வூடாப் போயி சொல்றேன்.”

“ஓட்டுக் கேக்குறேன்னு சொல்லுவாங்க. விடு” என்று மறுபடியும் மோட்டாரைப் பார்க்கக் குனிந்துவிட்டார். சட்டம் எல்லோருக்கும்தான் இருந்தது. அதற்குக் கட்டுப்பட்டவர் இவர் ஒருத்தர்தான்.

தோற்றுப்போனார். கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே தோற்றார். ஓட்டு எண்ணிய மறுநாள் கடைசித் தெருப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். “நீங்க சமாதானமாப் போயிட்டீங்கன்னு நெனச்சோம்ண்ணே. அப்புறம் உங்களுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடும்னு…” என்று ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். தோற்ற மனிதர் தனக்கு ஓட்டுப் போடாதவர்களுக்கு ஆறுதல் சொல்வதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கையை வெட்டிப் போட்டால் தேவலை போலிருந்தது.

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, அழுது, தீர்ந்துபோயிருக்கும். நாலைந்து நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பழம் வெச்சது சரி. குங்குமம் வெச்சது சரி. போட்டோவுல ஏன் சிரிச்ச?”

போனைத் தூக்கினால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி நிஜம். மீதிப் பாதி, அந்தத் தட்டை நீட்டிய ஒரு நொடியில், இந்தப் பகை, இந்த ஓட்டம் எல்லாம் இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நிம்மதிதான் முகத்தில் வந்தது. படத்தில் அது அப்படியே இருக்கிறது. அவருக்குக் குழாயில் எங்கே கசிகிறது என்று காதை வைத்தே சொல்லத் தெரியும். என் முகத்தையா தெரியாது? எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

ஜெயித்தவர்கள் தெருமுனையில் அலங்கார வளைவு வைத்தார்கள். கடைசித் தெருவில் இன்னும் குடத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது மறுபடியும் எலெக்‌ஷன் பேச்சு அடிபடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசித் தெருப் பெண்கள் வந்தார்கள். “இந்தத் தடவை யாரு என்ன படம் அனுப்பினாலும் நம்ப மாட்டோம்ண்ணே. நீங்க நில்லுங்க” என்றார்கள்.

அவர் அவர்களை உட்காரச் சொன்னார். பிறகு, “வூட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்மா” என்றார்.

சமையலறையில் இருந்த எனக்கு அது கேட்டது. அடுப்பை அணைத்தேன். நில்லுங்க என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். இத்தனை வருடம் தொண்டையில் கிடந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை சேர்த்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே வந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வந்தார், குழம்பில் உப்பு கம்மி என்றார். அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் கடைசித் தெருக்காரி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, வருத்தம்தான்.

“ஏன்க்கா, நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்களாமே? அண்ணன் நேத்து வந்து சொல்லிட்டுப் போனாரு.”

“ஆமாம்மா, நான்தான் வேணாம்னேன்” என்றேன்.