பாவி சந்துப் பெயரை அழித்த விரல்

"எந்த ஆபீஸ்லருந்து அனுப்புனாங்க உன்ன?"

கேட்டவர் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். பிறந்ததிலிருந்து என்னைத் தெரியும். நான் பின்னி என்று கூப்பிடும் உறவு, தமிழில் சித்தி மாதிரி. சந்து முனையில் நான் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அந்த உறவெல்லாம் போய்விட்டது.

"நான்தான் பின்னி."

"நீதான்னு தெரியுது. அத எதுக்குப் புடிச்சிக்கினு நிக்கிற?"

தெருப் பெயர்களை வரைபடத்தில் ஏற்றுகிறேன், யாரும் அனுப்பவில்லை, சம்பளமும் இல்லை என்றேன். சம்பளம் இல்லை என்றதும் அவர் சந்தேகம் கூடிவிட்டது. சும்மா எவனாவது அளப்பானா? சில வருடங்களுக்கு முன்னால் இப்படித்தான் கைபேசியோடு நாலு பேர் வந்து வாய்க்கால் ஓரத்து வீடுகளைப் படம் பிடித்தார்கள். சும்மா பார்க்கிறோம் என்றார்கள். பிறகு சுவர்களில் சிவப்பு எண்கள் வந்தன, அதன் பிறகு அந்த வீடுகள் இல்லை. பின்னியின் தங்கை வீடும் அதில் ஒன்று. அன்று பின்னி கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாக நான் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பளம் என்கிற பகுதியில் எங்கள் சந்து. அங்கே வீட்டுப் பேச்சு தெலுங்கு. வாசலைத் தாண்டினால் தமிழ். என் தாத்தா மில் வேலைக்கு வந்தவர். சந்தில் பாதிப் பேரின் குடும்பங்கள் ஊரின் குப்பையையும் சாக்கடையையும் சுத்தம் செய்ய வந்தவை. வெளியில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெலுங்கு பேசுகிற சந்து என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

கோரிமேட்டில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் நோயாளிகள் கைபேசியை என்னிடம் நீட்டி "இது எந்தப் பக்கம்மா?" என்று கேட்பார்கள். வரைபடம் முழுக்க ஆங்கிலம். அந்தப் பேச்சில்தான் ஒரு டாக்டரம்மா சொன்னார், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய திறந்த வரைபடம் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடித் தமிழ்ப் பெயர்களை ஏற்றுகிறார்கள் என்று. போனேன். ஒரு தெருவுக்கு எத்தனை மொழியில் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். தெருவைத் தொட்டால் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். கடற்கரைப் பக்கத் தெருக்களுக்கு பிரெஞ்சுப் பெயர் ஏற்கெனவே இருந்தது. எங்கள் சந்து 'மூன்றாவது குறுக்குத் தெரு' என்று மட்டும் இருந்தது. அப்படி அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நாங்கள் அதை பாவி சந்து என்போம். தெலுங்கில் பாவி என்றால் கிணறு. மூடிப்போட்ட கிணறு இன்னும் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதினால் ஏதோ பாவம் செய்தவர்கள் குடியிருக்கும் இடம் மாதிரி ஆகிவிடும். கோயிலை நாங்கள் குடி என்போம். அதைத் தமிழில் எழுதினால் இன்னும் மோசம். அதனால் தெலுங்கு எழுத்திலேயே போட வேண்டும் என்று, இத்தனை வயதில் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டேன். முதன்முதலாக அந்தப் பெயர் வரைபடத்தில் வந்தபோது அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இத யாரு பாப்பாங்க?"

"யாரு வேணா பாக்கலாம்பா."

"யாரு வேணான்னா யாரு?"

நல்லதுக்குத்தான் என்றேன். அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் பாவி சந்து மறைந்துவிட்டது. ஏதோ தவறு என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடி மறைந்தது. வரைபடத்தில் யார் எதை மாற்றினாலும் தடம் இருக்கும். போய்ப் பார்த்தால் பெயருக்குப் பதில் வெறும் எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு கணக்கு. படம் இல்லை, ஊர் இல்லை. எங்கள் தெலுங்குப் பெயர்களை அழித்ததைத் தவிர அந்தக் கணக்கு வேறு எதையுமே செய்திருக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். முதலில், எங்கள் கூட்டத்தை நடத்துகிறவர் மேல். "தமிழ்ப் பேரே இன்னும் பாதி பாக்கி இருக்கு, தெலுங்குக்கு என்ன இப்ப அவசரம்?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டவர் அவர். அந்தச் சிரிப்பை வீட்டில் வந்து பலமுறை நினைத்துப் பார்த்தேன். பிறகு பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி மேல். நான் போனைக் கவிழ்த்து வைத்தால் "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்பாள். தெருவில் மொழிச் சண்டை பேசுகிற கட்சிக்காரர் ஒருவர் மேலும். அவருக்கு வரைபடம் திருத்தத் தெரியுமா என்றுகூட நான் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடத்துகிறவருக்கு நேர் எதிரே வேண்டுமென்றே உட்கார்ந்தேன். அவர் இரண்டு கையிலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஒரு பூங்காவின் பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் திரையைப் புதுப்பித்தேன். பாவி சந்து போயிருந்தது. அப்போதுதான், அந்த நிமிஷத்தில் அழித்திருக்கிறார்கள். அவர் இல்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் பயம்தான் அதிகம். மாற்றத்தோடு ஒரு குறிப்பும் இந்த முறை இருந்தது. தமிழ் எழுத்தில் இரண்டே வார்த்தை.

"வத்து அக்கா."

வேண்டாம் அக்கா. தெலுங்கு. அதுவும் புத்தகத் தெலுங்கு இல்லை, எங்கள் சந்தில் பேசுகிற மாதிரி. தெலுங்கு எழுத்து தெரியாததால் தமிழில் எழுதிய தெலுங்கு. நான் பெண் என்பதும் தன்னைவிட மூத்தவள் என்பதும் அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

வெளியே தேடிக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து உள்ளே தேட ஆரம்பித்தேன். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் யார் கையில் போன் இருக்கிறது என்று பார்த்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தியது யார் என்று கவனித்தேன். பின்னி என்னைப் பார்த்த அதே பார்வையோடு இப்போது நான் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் கணக்குக்கே ஒரு செய்தி அனுப்பினேன், தமிழ் எழுத்தில், தெலுங்கில்: யார் நீ, கோபம் இல்லை, பேசலாம்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, மைதானத்துப் பக்க பஸ் நிறுத்தத்துக்கு சாயங்காலம் வரச் சொல்லிப் பதில் வந்தது. போகும்போதுகூட யாராவது வம்புக்கு இழுக்கிறார்களோ என்று தம்பியைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன். வந்தவள் பின்னியின் மகள். மூலக்குளத்தில் ஒரு வீட்டுமனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிற பெண்.

"நீயாடி?"

"நாந்தான்க்கா." அவள் உட்காரவில்லை. "ஆபீஸ்ல உப்பளம்னு மட்டும் சொல்லி வச்சிருந்தேன். ஒருநா மழை. கூட வேல செய்யறவ வண்டியில கொண்டாந்து வுடறேன்னா. வழி பாக்க மேப்ப தொறந்தா, தெருவத் தொட்டதும் தெலுங்கு வந்துது. 'இது என்னடி எழுத்து?'ன்னு எல்லாருக்கும் காட்டுனா. ஒருத்தர் 'ஓ, அந்தத் தெருவா'ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் யாரும் என் டப்பாவுலருந்து எடுத்துச் சாப்பிடறதில்ல. முன்ன சண்ட போட்டுப் புடுங்குவாளுங்க."

நான் அவளிடம் மொழியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிரெஞ்சுத் தெருக்களைப் பற்றி, நம் பெயர் எதிலுமே இல்லாததைப் பற்றி.

"பிரெஞ்சுல எழுதுனா போட்டோ எடுப்பாங்க. நம்மள்த எழுதுனா மூக்கப் பொத்துவாங்க," என்றாள். "எங்களக் கேட்டியா நீ? ஒரு வார்த்த?"

கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் கேட்டேன். யார் அழித்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. பின்னி முதலில் கேட்டது, "இதுல எங்க வூட்டு நம்பர் இருக்கா?" என்பதைத்தான். இல்லை என்று திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. சந்துப் பெயர் இருக்கட்டும் என்றார்கள் பையன்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் வரைபடம் பார்த்துத்தான் வருகிறார்கள், எடுத்துவிடு என்றார் ஒரு பெரியவர். அப்பா மட்டும் எழுந்து, "நாம வாயால சொல்றத எழுத்துல பாக்க ஏன் பயம்?" என்று கேட்டார். சில பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

கோயிலுக்கும் கிணற்றுக்கும் தெலுங்குப் பெயர் இருக்கட்டும், ஆட்கள் குடியிருக்கும் சந்துக்கு வேண்டாம் என்று முடிவானது. எல்லார் முன்னாலும் நானே அதை எடுத்தேன். பின்னியின் மகள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது என் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனாள். அந்த அலுவலகத்தை விட்டு இப்போது வேறு இடத்துக்கு மாறிவிட்டாள். அங்கே விலாசம் கேட்டால் என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் மறுபடி பாவி சந்து வரைபடத்தில் வந்திருக்கிறது. தெலுங்கு எழுத்தில், நான் போட்டதைவிடத் திருத்தமாக. நான் ஒரு நெடிலை விட்டிருந்தேன், அது சரியாக இருக்கிறது. புதுக் கணக்கு, அதற்கும் முகமில்லை. பின்னியின் மகளைப் பிடித்துக் கேட்டேன். அவள் என்னைக் கண்ணோடு கண் பார்த்து, "நிஜமா சொல்லுக்கா, நீ இல்ல?" என்றாள். இல்லை என்றேன். நம்பினாளா தெரியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அதை இன்னும் தொடவில்லை. சந்தில் தெலுங்கு எழுதத் தெரிந்தவர்கள் என்று நான் நினைத்துவைத்திருந்தது என்னை மட்டும்தான். இப்போது காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எதிரே வருகிற ஒவ்வொருவரையும், வணக்கம் சொல்லிக்கொண்டே, நீயா என்று பார்க்கிறேன்.