பள்ளி முற்றத்து மணல்

பழைய பள்ளிவாசலின் சுண்ணாம்புச் சுவரை ஒட்டி, புதுக் கட்டடத்துக்கு அத்திவாரக் குழி வெட்டுவித்தது நான்தான். பழைய சுவர் சரியாமலிருக்க, நீளத்தில் நாலடி மட்டும் வெட்டி, கொங்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே அடுத்த நாலடியைத் தொட வேண்டும். நோன்புக்குள் முடிக்கும் அவசரத்தில் முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். கடலோர ஊர், குழிக்குள் தண்ணீர் ஊறியது. வயலுக்கு இறைக்கும் பம்பை வைத்தேன். தண்ணீரோடு வெள்ளை மணலும் வந்து முற்றத்தில் குவிந்தது. நோன்புக்கு முற்றத்தில் புதுமணல் பரப்புவது வழக்கம் என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம். பாங்கு சொல்லும் மோதினார் மட்டும் குழியை எட்டிப் பார்த்தார்.

“குழி பெருசாகல்லியே தம்பி, இவ்வளவு மணலும் எங்க இருந்து வருது? சுவருக்குக் கீழ இருந்தா?”

“நீங்க பாங்கச் சொல்லுங்க. பம்ப நான் பாக்கிறன்.”

வேலையாட்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியது எனக்கு இனித்தது.

அன்று மாலை அஸர் தொழுகைக்கு அவர் சுவரோரம் கைகால் கழுவி உளூச் செய்துகொண்டிருந்தபோது சுவர் அவர் மேல் சரிந்தது.

“பழைய சுவர்தானே” என்றார்கள் ஊரவர்கள். “ஓம், பழசுதான்” என்றேன் நானும்.

மறுநாள் அவரை அடக்கிய கபுறின் மேல் பரப்ப வெள்ளை மணல் கேட்டார்கள். முற்றத்திலிருந்து நானே அள்ளிக் கொடுத்தேன்.