மச்சாள் வீட்டில் இல்லை என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். சாகக் கிடந்த ஒருத்தியை அவளுடைய ஒரே தம்பி கடைசியாகப் பார்க்க விடாமல் தடுத்தேன். தவறி நடந்ததல்ல. பழிவாங்கத்தான் செய்தேன்!

இதைக் கேட்டதும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். திருப்புங்கள். ஆனால் அவள் எனக்குச் செய்ததையும் கேட்டுவிட்டுத் திருப்புங்கள்.

அவள் என் மச்சாள். என் கணவரின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்று பெயரெடுத்தவள். எங்கள் கல்யாணம் திருகோணமலையில் அவளுடைய ஏற்பாட்டில்தான் நடந்தது. அப்பா போய்ப் பல வருடம். அம்மா தையல் மெசினை மிதித்து மிதித்தே என்னை ஆளாக்கியிருந்தாள்.

தாலி கட்டுகிற நேரம் அம்மா மண்டபத்து ஓரத்தில் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். முன்னுக்கு வர அவள் ஆசைப்படவே இல்லை. எட்ட நின்று பார்த்தால் போதும் என்றிருந்தாள். மச்சாள் போய் அவளுடைய கையைப் பிடித்தாள். "முழுவியளத்துக்கு நிக்காதேங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று சிரித்த முகத்தோடு கூட்டிக்கொண்டு போய், சமையல்காரர்களுக்கு நடுவில் இருத்திவிட்டாள். சகுனமாம்! தாலி கட்டிய மாப்பிள்ளையின் கண்ணில் முதலில் விதவை படக்கூடாதாம்! மணவறையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். எழும்ப முடியாது. மாலையும் கழுத்துமாக இருந்தேன்.

"கெட்டிமேளம் கேட்டது பிள்ளை, அது காணும்" என்றாள் அம்மா பிறகு. அடுத்த வருடமே கண்ணை மூடினாள். மச்சாளை அவள் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கறுவிக்கொண்டிருந்தேன்.

பிறகென்ன... ஒரு சின்னக் கதை பெரிதாகிப் போக்குவரத்து நின்றது. சின்னக் கதையைப் பெரிதாக்கியவளும் நானே. ஆறு வருடம் அக்காவும் தம்பியும் கதைக்கவில்லை. அவர் புதுத் தொலைபேசி எண் எடுத்தபோது அதை அவளுக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

போன வருடம் அவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்து தப்பினார். அதற்கு வைத்த நேர்த்திக்கடனுக்காக வவுனியாவிலிருந்து வான் பிடித்துப் புறப்பட்டோம். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரையோரமாகவே போய்க் கதிர்காமம் சேர்வது திட்டம். "திருகோணமலையில ஒரு மூன்று மணித்தியாலம் நிப்பம், சாப்பிட்டுக் கால் நீட்டிப்போட்டுப் போகலாம்" என்றார். யாரைப் பார்க்கத் துடிக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

திருகோணமலைத் துறைமுகத்தடிக்கு வந்தபோது பிரேக் சூடேறி மணத்தது. வான் திருத்துகிற கராச் நானா சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு இரண்டு மணித்தியாலம் செல்லும் என்றார். என் மனிதர் என்னை மதிலோரம் கூட்டிப்போய், துறைமுகத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பிரச்சினை பெண்கள் இரண்டு பேருக்கும் இடையில்தானாம். நான் முதலில் போய்க் கதவைத் தட்டினால் அக்கா இளகிவிடுவாவாம். நான் வந்து கூப்பிட்டதும் தான் வருவாராம்.

மனைவியை முன்னுக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று வழி பார்ப்பது எங்கள் ஆண்களுக்குப் பழக்கம். அன்றைக்கு அவர் விட்ட பிழை அது ஒன்றுதான்.

நம்புங்கள், நல்ல மனதோடுதான் போனேன். அவரே தெருமுனைக் கடையில் ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கித் தந்தார். ஓட்டோ பிடித்து, மச்சாள் இருந்த பாலையூற்றில் இறங்கினேன். கதவு திறந்தே கிடந்தது. மச்சாள் கதிரையில் இருந்தாள்... இருந்தாள் என்றா சொல்வது? பாதி ஆள்கூட இல்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். மகள் வேலைக்குப் போயிருந்தாள். பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி வந்தவனோ?" என்றாள்.

கராச்சில் நிற்கிறார் என்றேன். அழுதுவிட்டாள்.

"அவனில எனக்கு ஒரு கோவமுமில்லை எண்டு சொல்லு பிள்ளை. ஒருக்கா முகத்தைப் பாத்தாக் காணும்."

என் கண்ணும் கலங்கியது. மறைக்க மாட்டேன். அவளுடைய கை என் கையில் கிடந்தபோது, அம்மாவுக்காக அவளிடமிருந்து ஒரு சொல்... ஒரேயொரு சொல் வேண்டும்போல் இருந்தது. அம்மாவைச் சமையலடியில் இருத்தியதை மெல்லச் சொன்னேன். முதலில் அவளுக்கு ஞாபகமே வரவில்லை! நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

"அதில என்ன பிள்ளை... நல்ல காரியத்தில முறையெண்டு ஒண்டு இருக்குத்தானே."

அவ்வளவுதான். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பத்து வருடம் நான் வேகிக்கொண்டிருக்க, இவள் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை!

தம்பியோடு தொலைபேசியில் ஒருக்கால் கதைக்கத் தரச்சொல்லிக் கேட்டாள். சார்ஜ் இல்லை என்றேன். இருந்தது. "கூட்டிக்கொண்டு வாறன் மச்சாள்" என்று எழும்பினேன். எழும்பியபோது மேசையிலிருந்த பழச்சீப்பையும் எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு திரும்பினால் அவர் பழம் எங்கே என்று கேட்பாரே! அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

கராச்சுக்குத் திரும்பி வந்து அவரிடம், வீடு பூட்டியிருக்கிறது, மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார்களாம், மாத முடிவில்தான் வருவார்களாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்றேன். அவர் பழத்தைப் பார்த்தார், நம்பினார். வான் சரியானதும் புறப்பட்டோம். மூதூர் தாண்டும்போது அந்தச் சீப்பில் இரண்டு பழம் உரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டார். என் மனதில் அப்போது பயமில்லை, இரக்கமில்லை. "இரு, வாசலைப் பார்த்துக்கொண்டே இரு" என்று மட்டும் நினைத்தேன். கதிர்காமத்தில் கற்பூரச் சட்டி ஏந்தியபோதும் அதையேதான் நினைத்தேன்.

எட்டாம் நாள் சொந்தக்காரர் ஒருவர் தொலைபேசி எடுத்துச் சொன்னார், மச்சாள் போய்விட்டாள் என்று.

செத்த வீட்டில்தான் எனக்குப் பயம் பிடித்தது. மகளுக்குத் தெரிந்திருந்தால்? அவள் என்னைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"நீங்கள் வந்தனீங்கள் எண்டு அம்மா சொன்னவ, மாமி. மாமாவுக்குச் சொல்லக்கூடாது, அவன்ரை குடும்பம் குழம்பிப் போகும் எண்டு சத்தியம் வாங்கினவ."

நன்றி வந்திருக்கவேண்டும், இல்லையா? வெட்கமாவது? எனக்கு ஆத்திரம்தான் வந்தது! போகிறபோதும் பெரிய மனுஷியாகவே போய்விட்டாளே! என் அம்மாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்கத் தெரியாதவளுக்கு, எனக்குப் பிச்சை போட மட்டும் தெரிந்திருந்தது. இன்றைக்கும் அவளை நினைத்து எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருவதில்லை.

ஆனால் அவர்... நான் அடித்தது அவளை. விழுந்தது அவருக்கு. அதை நான் அன்றைக்கு யோசித்தேனா? இல்லை.

பின்னேரங்களில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பார். பிறகு கேட்பார்.

"அக்கா கடைசி மட்டும் என்னில கோவத்தோடதான் போயிருப்பா, என்ன?"

அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மச்சாளின் மகள், சத்தியம் செய்து கொடுத்தவள். மற்றவள் நான், அவருக்கு எதிரே இருக்கிறேன். மச்சாள் சொன்ன அந்த ஒரு வரியைச் சொன்னால் அவருடைய நெஞ்சு ஆறிவிடும். அதை எப்போது கேட்டாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"அவ என்ன நினைச்சவவோ... எனக்கெப்பிடித் தெரியும்" என்கிறேன்.

அவர் தலையை ஆட்டுகிறார். நாளைக்கும் கேட்பார்.